எடுத்தாச்சு: கருப்பை நீக்கமும் இலக்கியம் தாண்டிப்போன ஆறு வாரங்களும்

'கர்ப்பப்பையை எடுத்தாச்சு.'

எங்கள் குடும்ப விசேஷங்களில் ஐம்பதை நெருங்கும் பெண்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இந்த வாக்கியம் எப்படியும் ஒருமுறை வந்துவிடும். பந்திக்கு இலை போடுகிற சத்தத்துக்கு நடுவே, புடவை விலை சொல்கிற அதே குரலில் சொல்லுவார்கள். 'அவளுக்கு எடுத்துட்டாங்க.' 'இவளும் எடுத்துரலாம்னு இருக்கா.' சின்ன வயதிலிருந்தே கேட்ட வாக்கியம்தான். போன வருடம் அம்மாவுக்கு அறுவை என்று முடிவானபோதுதான் அதன் இலக்கணம் உறைத்தது. 'எடுத்துட்டாங்க' என்பதில் எழுவாய் யாரோ 'அவர்கள்'. 'எடுத்தாச்சு' என்பதில் எழுவாயே கிடையாது. 'பில் கட்டியாச்சு' என்பதுபோல, வேலை முடிந்துவிட்டது, யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. உடம்பு யாருடையதோ அவள் அந்த வாக்கியத்தில் இருந்தால் 'அவளுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறாள்.

அம்மாவுக்கு ஃபைப்ராய்டு கட்டிகள். இரண்டு வருடமாக மாதத்தில் பத்து பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.2. இதை வைத்துக்கொண்டு அறுவை செய்ய முடியாது, முதலில் ரத்தத்தை ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றி, ஒரு மாதம் கழித்துத் தேதி குறித்தார்கள். அந்த ஒரு மாதத்தில் எனக்குச் செய்யத் தெரிந்த காரியம் ஒன்றுதான், படிப்பது. கருப்பை நீக்கத்தைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பைப் பற்றியது. படித்த ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இந்தப் பெண் தன் வினைக்கு எழுவாய் ஆகிறாளா?

*

முதலில் ஹிலாரி மாண்டல். ஆங்கில எழுத்தாளர், 'வுல்ஃப் ஹால்' நாவலுக்கும் அதன் தொடர்ச்சிக்கும் 2009இலும் 2012இலும் புக்கர் பரிசு பெற்றவர். அவருடைய நினைவுக்குறிப்பு 'கிவிங் அப் தி கோஸ்ட்' 2003இல் வந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொற்றொடருக்கு உயிரை விடுவது என்று பொருள். அப்படியே பிரித்துப் பார்த்தால் ஆவியைக் கைவிடுவது. புத்தகம் இரண்டு பொருளிலும் நகர்கிறது.

இருபது வயதை ஒட்டி, சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மாண்டலுக்கு வலி தொடங்குகிறது. மருத்துவர்கள் மனநலப் பிரச்சினை என்று முடிவுகட்டுகிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை, பிறகு அதைவிடக் கடுமையான மருந்துகள். மருந்துகளின் பக்கவிளைவாக நிலைகொள்ளாமல் தவிக்கிறார். அந்தத் தவிப்பும் பைத்தியத்தின் அறிகுறியாக எழுதப்படுகிறது. எழுதுவதை நிறுத்து என்று மனநல மருத்துவர் ஒருவர் சொல்கிறார். மென்பொருள் எழுதுகிறவனாக இந்தப் பக்கங்களில் எனக்குத் தெரிந்த ஒரு அபத்தத்தைப் பார்த்தேன். புகார் சொல்கிறவரையே பிழையாக எடுத்துக்கொண்டு சரிசெய்யப் போவது. ஒவ்வொரு திருத்தமும் புதிதாக ஒரு பிழையை உண்டாக்கும், அதுவும் அவர் கணக்கிலேயே ஏறும்.

1970களின் பிற்பகுதியில் கணவரின் வேலை காரணமாக போட்ஸ்வானாவுக்குப் போகிறார். அங்கே ஒரு மருத்துவப் பாடநூலைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடிக்கிறார்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு அதற்கு வெளியே, வயிற்றின் மற்ற இடங்களில் வளர்ந்து வலியையும் தழும்பையும் உண்டாக்கும் நோய். லண்டனுக்குத் திரும்புகிறார், சோதனைகள் அவர் சரி என்று சொல்கின்றன. 1979இல், இருபத்தேழு வயதில், கருப்பை, சூலகங்கள், குடலில் ஒரு பகுதி எல்லாம் போகின்றன. ஒரே நாளில் குழந்தை என்ற சாத்தியம் முடிந்து மாதவிடாய் நிறுத்தமும் வந்துவிடுகிறது.

இந்தப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு கணக்குத் தேர்வில் இருந்து எடுத்தது. விடை மட்டும் போதாது, செய்முறையையும் காட்டு என்று கேள்வித்தாளில் போடுவார்களே, அது. மாண்டல் தன் செய்முறையைக் காட்டுகிறார். எந்த ஆண்டில் எந்த மருத்துவர் என்ன சொன்னார், தான் ஏன் நம்பினேன், எப்போது நம்புவதை நிறுத்தினேன் என்று படிப்படியாக. சுயபச்சாதாபம் வழியக்கூடிய இடங்களில் கேலியைக் கொண்டு வருகிறார். கேலி கோபத்தைக் குறைக்கவில்லை, கூராக்குகிறது. நோயைத் தானே கண்டுபிடித்தவர் என்ற வகையில் அவர் எழுவாய். ஆனால் அந்த அறிவு அவர் உறுப்பைக் காப்பாற்ற மிகத் தாமதமாக வந்தது. அறிவு வந்த பிறகும் இழப்பு நடக்கும் என்பதுதான் இந்தப் புத்தகத்தின் கசப்பு. பிறக்காத மகளுக்கு அவர் கேட்ரியோனா என்று பெயர் வைத்திருக்கிறார். புத்தகத் தலைப்பின் ஆவிகளில் அவளும் ஒருத்தி.

இதை முடித்துவிட்டு 'வுல்ஃப் ஹால்' நாவலுக்குத் திரும்பினால் அது வேறு நாவலாகத் தெரிகிறது. எட்டாம் ஹென்றியின் அரசவையில் ராணிகளின் கருப்பையைப் பொறுத்துத்தான் மதம், சட்டம், தலைகள் எல்லாம். எந்த ராணிக்கு ரத்தம் வந்தது, எவளுக்குக் கலைந்தது என்பது அரசாங்கச் செய்தி. அந்த உலகத்தை இத்தனை குளிர்ந்த கண்ணோடு பார்க்க முடிந்ததில் 1979க்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

*

தேதி நெருங்கியபோது ஒப்புதல் படிவம் வந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். செவிலியர் படிவத்தை என்னிடம் நீட்டினார். 'சன்னா? இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்.' நானும் பேனாவை எடுத்துவிட்டேன். சூலகங்களையும் எடுப்பதா வேண்டாமா என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. அம்மாவைப் பார்த்தேன். 'நீயே பாத்து போடு தம்பி' என்றாள். இப்போதும் எனக்குக் கூச்சம் தருவது அந்தப் பதில் அல்ல. அதற்கு முன் நான் போட்டிருந்த முதல் கையெழுத்து.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை அன்றிரவு படித்தேன். 1995இல் நடந்த சம்பவம். நாற்பத்துநான்கு வயது, திருமணமாகாத பெண். நிற்காத உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போகிறார். லேப்ராஸ்கோப்பி வழியாக உள்ளே பார்க்கும் சோதனை என்று சொல்லி மயக்க மருந்து கொடுக்கிறார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே காத்திருக்கும் அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பை, சூலகங்கள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒரு பெண்ணுக்காக அவள் அம்மாகூடச் சம்மதம் தர முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவள் விழிக்கும் வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றும் சொன்னது. நஷ்டஈடு 25,000 ரூபாய். மருத்துவர் தன் கட்டணத்தையும் கேட்க முடியாது.

தீர்ப்புகளை நான் இலக்கியமாகப் படிப்பவன் இல்லை. ஆனால் கருப்பை நீக்கம் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட முக்கியமான உரைநடைகளில் ஒன்று இது என்று சொல்வேன். 'எடுத்துட்டாங்க' என்ற வாக்கியத்தை நிறுத்தி, யார், யாரைக் கேட்டு என்று கேட்கிறது. மறுநாள் காலை படிவத்தை அம்மாவிடம் கொடுத்து வரிக்கு வரி படிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி படித்தாள். 'ஓவரிய ஏன் எடுக்கணும், அது நல்லாத்தானே இருக்கு?' என்று மருத்துவரைக் கேட்டாள். வயது, சோதனை முடிவுகள், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்றெல்லாம் அவர் பேச ஆரம்பித்தார். இப்போது அம்மாவைப் பார்த்துப் பேசினார். சூலகங்களை விட்டுவைப்பது என்று முடிவானது.

*

அறுவைக்கு முந்தைய நாட்களில் இரண்டு அமெரிக்கக் கவிதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று ஆன் செக்ஸ்டன் எழுதியது, தன் கருப்பையைக் கொண்டாடும் கவிதை. 1969இல் வந்த 'லவ் போயம்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. இன்னொன்று லூசில் கிளிஃப்டன் தன் கருப்பைக்கு எழுதியது. 1991இல் வந்த 'குயில்டிங்' தொகுப்பில்.

செக்ஸ்டன் கவிதையில் மருத்துவர்கள் கருப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள், அப்புறம் தேவையில்லை என்று ஆகிறது. அந்த விடுதலையில் கவிதை துள்ளுகிறது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வேலை செய்யும் பெண்களை வரிசையாக அழைத்து எல்லோரையும் ஒரே பாட்டில் சேர்க்கிறது. அழகான கவிதை. ஆனால் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் மேசைமேல் கிடக்கும்போது படித்தால் எரிச்சலும் வந்தது. தப்பித்தவளின் பாட்டு அது. எல்லாப் பெண்களையும் அழைக்கும் அந்தக் கூட்டத்தில் தப்பிக்காதவள் எங்கே உட்காருவாள்? கருப்பையே பெண்ணின் மையம் என்று கொண்டாடினால், அதை இழக்கப்போகிறவளுக்கு அந்தக் கொண்டாட்டம் தீர்ப்பாகிவிடும். 'எடுத்துட்டா இடுப்பு போயிரும், பொம்பளைங்கிற களையே போயிரும்' என்று எங்கள் அத்தை சொன்னதும் அடிப்படையில் அதே கருத்துதான். அத்தையிடம் கவிதை இல்லை, அவ்வளவே.

கிளிஃப்டன் ஆறு பிள்ளை பெற்றவர். அவர் கவிதையில் உறுப்பு போகப்போவது உறுதி. கருப்பையைப் பழைய தோழியை அழைப்பது மாதிரி அழைத்துப் பேசுகிறார். அது சுமந்ததையும், பிறக்காமல் போனவற்றையும் சேர்த்தே நினைக்கிறார். வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களோடு ஒப்பிடுகிறார். புனிதமும் இல்லை, அருவருப்பும் இல்லை. இனி நாம் இருவரும் எங்கே போவது என்ற குழப்பத்தோடு கவிதை முடிகிறது. இருபதே சொச்சம் வரிகளில் அவர் செய்வது வழியனுப்புவது. இதைத்தான் நான் தயாராவது என்பேன். மருத்துவமனை தரும் பட்டியலில் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, நகப்பூச்சை அழிக்க வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. முப்பத்தைந்து நாற்பது வருடம் கூட இருந்த ஒன்றிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வா என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. கிளிஃப்டன் அந்த விடுபட்ட வரியை எழுதினார். எழுவாய் யார் என்பதில் அங்கே சந்தேகமே இல்லை.

*

அறுவையன்று 'பேஷண்ட் அட்டெண்டர் உள்ள வாங்க' என்று கூப்பிட்டார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து உறவினருக்குக் காட்டுவார்கள். 'இது யூட்ரஸ், இந்த மூணும் ஃபைப்ராய்டு.' நான் பார்த்தேன். ஒன்பது மாதம் நான் குடியிருந்த இடம் என்ற நினைப்பு உடனே வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது. அதை ஃபார்மலின் புட்டியில் போட்டு, பயாப்ஸிக்குக் கொடுத்துவிட்டு வாங்க என்றார்கள். புட்டியை மஞ்சப்பையில் வைத்து, ஸ்கூட்டரின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் மெதுவாகப் போனேன்.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: 'பாத்தியா? எப்பிடி இருந்துச்சு?'

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. அது யாருடையதோ அவள் ஒருத்தி மட்டும்தான் அதைப் பார்க்கவில்லை. சடங்காகிவிட்ட அந்தத் தட்டில் உறவினரின் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது, பிற்காலத்தில் வழக்கு வந்தால் மருத்துவரின் பாதுகாப்புக்கும் இடம் இருக்கிறது. அவளுக்கு இடம் இல்லை.

*

இனி ஆறு வாரம். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு பொதுவாகச் சொல்லும் கணக்கு அது. மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. குழாயில் உள்ள மூன்று பந்துகளை மூச்சை இழுத்து மேலே ஏற்ற வேண்டும், நுரையீரலுக்காக. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் ஆகக் கூடாது, முக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது, கிரைண்டர் கல்லைத் தொடக் கூடாது. இரண்டாவது வாரம்தான் ஆபத்தானது என்று கண்டுபிடித்தேன். வலி குறைந்திருக்கும், உள்ளே தையல் ஆறியிருக்காது. நான் மீட்டிங்கில் இருந்த நேரம் பார்த்து அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டாள். கேட்டால், 'சும்மா எவ்ளோ நேரம்தான் படுத்துக் கெடக்கிறது, யாராவது வந்தா என்ன நெனப்பாங்க.' எதுவுமே நடக்காததுபோல் இருபத்தியோரு நாளும் சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்ச நேரம் அழுதாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இந்த ஆறு வாரத்தைப் படித்தவற்றில் தேடினேன். மாண்டலின் கவனம் வருடங்களின் மேல்: மருந்துகளால் மாறிய உடல், திரும்பி வந்த நோய், வராத குழந்தை. வாரங்கள் சீக்கிரம் கடந்துவிடுகின்றன. கிளிஃப்டனின் கவிதை வாசலிலேயே நிற்கிறது. நோயைப் பற்றி எழுத ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். 2010இல் வேறொரு அறுவைக்குப் பிறகு மருத்துவமனைக் குறிப்பு எழுதிய மாண்டல் அந்தக் கட்டுரையோடு சண்டை போடுகிறார். வலிக்குச் சொல் ஏராளம் என்பது அவர் கட்சி. நான் மாண்டல் பக்கம்தான். தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சுருக்குனு, விண்ணுனு, கடுக்குது, இழுக்குது, கனக்குது என்று அம்மா ஒரு நாளில் சொன்னதே ஒரு அகராதி. பஞ்சம் வேறு இடத்தில். மீள்வதில் கதை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நெருக்கடி வந்து, போய்விட்டது. மிச்சம் படுக்கை, கஞ்சி, மெதுவாக நடப்பது. ஆனால் உடல் திரும்ப யாருடையதாகிறது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

தமிழ்ச் சிறுகதையில் கருப்பை பெரும்பாலும் கருவுற்றது, கருவுறாதது என்ற இரண்டு நிலைகளில்தான் வருகிறது. அதைத் தாண்டிய ஒரு கதையாக எனக்கு நினைவுக்கு வந்தது அம்பையின் 'காட்டில் ஒரு மான்'. தங்கம் அத்தை பூக்காத பெண். அறுவை இல்லை, எடுக்கப்பட்டது எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்கள் குறையாகப் பார்க்கும் உடம்பு அது. கணவருக்கு வேறு திருமணம் ஆகிறது. சிகிச்சை என்ற பெயரில் அவள் மேல் என்னென்னவோ பிரயோகித்துப் பார்க்கிறார்கள். அவள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்கிறாள். தன் காட்டைவிட்டுத் தெரியாத காட்டுக்கு வந்துவிட்ட மான் பயந்து திரிகிறது. ஒரு நிலா இரவில் பயம் விலகி, அந்தக் காடே அதற்குப் பழகிவிடுகிறது. இழந்த காடு திரும்பக் கிடைக்கவில்லை. தெரியாத காடு தெரிந்ததாகிறது. மீள்வதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் படிக்கவில்லை. ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனபோது மருத்துவர் 'பழையபடி ஆயிட்டீங்க' என்றார். பழையபடி இல்லை. அம்பைக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த மானுக்குக் கூட நிலா வரும் வரை திரிய நேரம் இருந்தது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் வந்த செய்திகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரு அரிவாள் என்று கணக்கு, கூலி முன்பணமாகக் கொடுக்கப்பட்டிருக்கும், ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வேலைக்கு இடைஞ்சல். 'எடுத்துட்டா தொல்லை விட்டுது' என்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பெண்களுக்கு அறுவை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் செய்யப்பட்ட அறுவைகள் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கண்காணிப்பு நெறிமுறைகளை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட்டது. என் கேள்வியை அங்கே கொண்டுபோனால் அதுவும் தடுமாறுகிறது. கரும்பு வெட்டும் பெண்ணிடம் கேட்டால், நான்தான் முடிவு செய்தேன் என்று சொல்லக்கூடும். கையெழுத்தும் அவளுடையதாக இருக்கலாம். எழுவாய் அவள்தான், ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியவர் முன்பணம் கொடுத்த ஒப்பந்தக்காரர். அவளுக்கு ஆறு வாரம் ஓய்வும் இல்லை. குடத்தைத் தூக்காதே என்று அம்மாவிடம் நான் சண்டை போட முடிந்தது எங்கள் வீட்டில் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான்.

*

அம்மாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு மாலை, தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். இளஞ்சிவப்பாக இருந்தது, கையளவு, மூன்று கட்டிகளும் வெள்ளையாக, உரித்த நுங்கு மாதிரி. அவள் கவனமாகக் கேட்டாள். 'அத வச்சுக்கிட்டா ரெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போனேன்?' என்றாள். பிறகு, 'ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கலாம்ல?'

எடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா விசாரிக்க வந்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன். 'எடுத்துட்டாங்களாமே?' என்ற குரல் கேட்டது. 'ஆமா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்' என்றாள் அம்மா. 'ஓவரிய மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன்.'